மழை ஊரில் மல்லிகைக்குத் தண்ணீர்

கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டு மல்லிகை தாகத்தால் சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. மல்லிகைக்குப் பேர்போன மதுரையில் பெய்வது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. மழை மிகவும் குறைகிற ஜூன், ஜூலையில்கூட இங்கே மாதச் சராசரி 100 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு ஓர் அத்தியாயமா என்று கேட்கத் தோன்றும். ஊரில் பெய்கிற மழை வேறு, தொட்டிக்குள் போய்ச் சேர்கிற மழை வேறு. அதனால்தான் இந்த அத்தியாயம்.

தாமான் எனப்படும் குடியிருப்புகளில் வீடுகளின் வாசலை ஒரு முறை நோட்டமிட்டால் போதும். வெளிச்சுவரை ஒட்டி நான்கைந்து தொட்டிகள் வெட்டவெளியில் நிற்கும். கார் நிறுத்தும் போர்ச்சின் கூரைக்குக் கீழே இன்னும் இரண்டு நிற்கும். மாலையில் இடிமழை கொட்டும்போது சுவரோரத் தொட்டிகள் நிரம்பி வழியும்; கூரைக்குள் நான்கடி தள்ளி நிற்கும் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட விழாது. மழை பெய்ததே என்று வீட்டுக்காரர் இரண்டு நாள் எதற்கும் ஊற்றாமல் விடுவார். இல்லையென்றால் கை பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு குவளை ஊற்றுவார். முதல் வழியில் உள்ளே இருக்கும் செடி வாடும், இரண்டாம் வழியில் வெளியே இருக்கும் செடி அழுகும்.

ஆக, இங்கே மல்லிகை வளர்ப்பவருக்கு வேலை இரண்டு. தண்ணீர் கொடுப்பது ஒன்று, மழையைத் தடுப்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு.

தமிழ்நாட்டு அட்டவணை இங்கே செல்லாது

மல்லிகை வளர்ப்பு பற்றித் தமிழில் கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டு விவசாயிக்காக எழுதப்பட்டவை. அங்கே குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியில் கவாத்து. தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள். பனிமாதங்களில் செடி அடங்கிக் கிடக்கும். மார்ச்சில் வெயில் ஏற ஏறப் புதுத் துளிரும் அரும்புமாகக் குவியும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் பின்னால் இந்தக் காய்ச்சலும் வெயிலும் இருக்கின்றன.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அரை மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. பகல் வெப்பம் 32, 33 பாகை, இரவில் 23, 24. தையானாலும் ஆடியானாலும் அதேதான். பனி இல்லை, கோடை என்று தனியாக ஒன்றும் இல்லை. மல்லிகைக்குப் பருவம் மாறியதைச் சொல்ல இங்கே தண்ணீரைத் தவிர வேறு ஆளே இல்லை. தமிழ்நாட்டுக் குறிப்பில் 'வாரம் ஒரு பாசனம்' என்று இருப்பதை அப்படியே எடுத்து இங்கே பின்பற்றுகிறவர், தை மாதத்தில் செடியைக் காயப்போடுவார், ஐப்பசியில் மூழ்கடிப்பார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மல்லிகை புதுக் கிளையின் நுனியில்தான் அரும்பு வைக்கும், பெரும்பாலும் மூன்று மூன்றாக. புதுக் கிளை வர வெட்டு வேண்டும், வெயில் வேண்டும், வேர் மூச்சுவிட வேண்டும். நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் படாத இடத்தில் எவ்வளவு நுணுக்கமாக ஊற்றினாலும் இலைதான் மிஞ்சும்.

மாதங்கள்

மலேசிய வானிலைத் துறை இரண்டு பருவக்காற்றுகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு மாறுகாலங்களையும் சொல்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பருவக்காற்று மாதங்களைவிட இந்த மாறுகாலங்களில்தான் மழை அதிகம். ஏப்ரலை ஒட்டி ஒரு உச்சம், அக்டோபர், நவம்பரில் அதைவிடப் பெரிய உச்சம். சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியை வைத்துக்கொண்டே இதைப் பின்பற்றலாம்.

தை, மாசி. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் கிளந்தானையும் திரெங்கானுவையும் நனைத்துவிட்டுத் தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டும்போது அடங்கிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் சில ஆண்டுகளில் பத்து, பதினைந்து நாள் தொடர்ந்து மழையே வராது. 2014-இல் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை நீண்ட வறட்சி, சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் குழாய்த் தண்ணீரைப் பங்கிட்டுத் தரும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. மல்லிகைக்கோ இதுதான் நல்ல காலம். வெயில் நிறைய, அரும்பில் அழுகல் குறைவு. தினமும் காலையில் தொட்டி நனைய ஊற்ற வேண்டிய மாதங்கள் இவை. தைப்பூசத்துக்கு வீட்டுப் பூ வேண்டுமென்றால் மார்கழித் தொடக்கத்திலேயே வெட்டிவிட வேண்டும். வெட்டியதிலிருந்து அரும்பு திரள ஐந்தாறு வாரம் பிடிக்கும்.

பங்குனி பாதியிலிருந்து வைகாசி வரை மாலை இடிமழைக் காலம். உலகிலேயே இடி அதிகம் இடிக்கும் இடங்களின் வரிசையில் இந்தப் பள்ளத்தாக்கின் சுபாங்கும் வரும். இந்த மழை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். மறுநாள் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். நல்ல வடிகால் உள்ள தொட்டிக்கு இதுபோன்ற மழை வரம். வடியாத தொட்டிக்கு எமன்.

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று. மழை குறையும், ஆனால் நேரம் மாறும். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் புயல்வரிசை விடியலுக்கு முன்பே கிள்ளானில் கொட்டிவிட்டுப் போயிருக்கும். வெயில் ஏறியபின் வந்து தரை காய்ந்திருப்பதைப் பார்த்து ஊற்றுகிறவர் ஏமாறுவது இந்தக் காலத்தில்தான். ஆவணி, புரட்டாசியில் புகைமூட்டமும் சேரலாம். 1997, 2015 போன்ற ஆண்டுகளில் வாரக்கணக்கில் சூரியன் சிவப்புத் தட்டாகத் தெரிந்தது. வெளிச்சம் மங்கும்போது செடி குறைவாகத்தான் குடிக்கும். அப்போது வழக்கமான அளவையே ஊற்றினால் மண் ஈரம் தங்கிப்போகும். தண்ணீரைக் குறைத்து, வாரம் ஒரு முறை இலையைக் கழுவிவிட்டால் போதும்.

ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டின் நனைந்த மாதங்கள். ஐப்பசி அடைமழை மதுரைக்கும் உண்டு, கோலாலம்பூருக்கும் உண்டு. இரண்டு ஊரும் ஒத்துப்போகிற ஒரே இடம் இது. தீபாவளி வருவதும் அப்போதுதான். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூவிலை ஏறுகிற அந்த வாரத்தில் வீட்டு வாசல் மல்லிகை அரும்புகள் பழுப்பேறிக் கொட்டிக்கொண்டிருக்கும். நாள் முழுவதும் ஈரத்தில் ஊறிய அரும்பு விரியாது. உரம் போட்டாலும் மருந்தடித்தாலும் இது மாறாது. மாற்றக்கூடியது கூரை ஒன்றுதான்.

புரட்டாசி பிறக்கும்போது செடியை வெட்டிவிட்டு, தொட்டியைக் காலை வெயில் படுகிற கூரையோரத்துக்கு மாற்ற வேண்டும். கிழக்கு பார்த்த போர்ச்சின் விளிம்பு பொருத்தம். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் கூரை இருந்தால் இன்னும் நல்லது. மழை படாத அந்த இடத்தில் தண்ணீரைக் கையால் அளந்து கொடுக்க வேண்டும். அடைமழை மாதத்தில், ஊரெல்லாம் நனைந்து கிடக்கும்போது, குவளையோடு செடிக்கு ஊற்றிக்கொண்டு நிற்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு அவர் கடையில் பூ வாங்கட்டும்.

எவ்வளவு, எப்போது

கணக்கு எளிது. வாய் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டியில் 10 மில்லிமீட்டர் மழை நேராக விழுந்தால் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். ஆனால் அடர்ந்த மல்லிகைப் புதர் மழையைத் தொட்டிக்கு வெளியே தள்ளிவிடும். தூறலில் தரை நனைந்திருக்கும், தொட்டி மண் மேலாக மட்டும் ஈரமாக இருக்கும். வெயில் நாளில் அதே அளவுத் தொட்டியில் நன்கு தழைத்த செடி அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடித்துவிடும். மேகம் மூடிய நாளில் அதில் பாதிகூட வேண்டாம்.

இந்த எண்களை நம்பி ஊற்றுவதைவிட விரலை நம்புவது மேல். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். விரலில் மண் ஒட்டி ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டாம். உலர்ந்து உதிர்ந்தால் அடித்துளையில் தண்ணீர் வெளியே வரும்வரை ஊற்ற வேண்டும். தினமும் அரைக் குவளை தெளிக்கும் பழக்கம்தான் பல செடிகளைக் கெடுக்கிறது. மேல் மண் நனைகிறது, வேரின் அடிப்பகுதி காய்கிறது, வேர் மேலேயே சுருண்டு கிடக்கிறது. சிறிய தொட்டியென்றால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். நனைந்த தொட்டியின் கனம் ஓரிரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

நேரம் என்றால் காலை, ஏழிலிருந்து ஒன்பதுக்குள். மாலையில் ஊற்றலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. மழை வந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமே என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் இந்த ஊரின் இரவுக் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். மாலையில் நனைந்த இலை விடியும்வரை காயாது, பூஞ்சைக்கு வசதியாகிவிடும். காலையில் ஊற்றியபின் மாலை மழை வந்தாலும் குடி முழுகிவிடாது. மறுநாள் விரல் சொல்லிவிடும், அன்று விட்டுவிடலாம். பூக்கட்ட அரும்பு பறிக்கிறவர்களும் காலையில்தான் செடியிடம் போகிறார்கள். அரும்பு மாலையில் விரியத் தொடங்கிவிடும் என்பதால் அதைக் காலையிலேயே பறித்தாக வேண்டும். பறிப்பது முதலில், ஊற்றுவது அடுத்து என்று வைத்துக்கொண்டால் நனைந்த அரும்பைக் கையாள வேண்டியிருக்காது.

அரிசி கழுவிய தண்ணீரைப் பற்றிக் கேட்காத வீடில்லை. அன்றன்று கழுவியதை அன்றே ஊற்றினால் கெடுதல் இல்லை, பெரிய அற்புதமும் இல்லை. புளிக்கவைத்து ஊற்றினால் நாறும். மீன் கழுவிய தண்ணீர் ஈயையும் தெருப்பூனையையும் அழைத்து வரும். பூனை தொட்டியைக் கிளறும். குழாய்த் தண்ணீரின் குளோரின் மல்லிகையைக் கொன்றுவிடும் என்பது மிகை.

மண்

சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பு அமைக்கப்பட்டது. அங்கே குணமாகித் தங்கிவிட்டவர்கள் வீட்டைச் சுற்றிச் செடி வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். இன்று பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் வார இறுதியில் கார்கள் போய் நிற்கிற நாற்றங்கால் வரிசை அங்கிருந்து வளர்ந்ததுதான். எந்த நாற்றங்காலானாலும் மல்லிகை பெரும்பாலும் கறுப்பு பாலித்தீன் பையில், தேங்காய் நார்த்தூளும் கருக்கிய உமியும் கலந்த லேசான கலவையில் வரும். நாற்றங்காலில் தினமும் தண்ணீர் பாய்வதால் அந்தக் கலவை அங்கே சரி. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முழுக்கக் காய்ந்துவிட்டால் நார்த்தூள் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடித்துளையில் வெளியேறிவிடும். வெளியே வந்ததைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நினைத்தால் செடி வாடும். அப்போது தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்து எடுக்க வேண்டும். பிறகு கலவையோடு தோட்டமண்ணும் கொஞ்சம் மணலும் சேர்த்துத் தொட்டி மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

தரையில் நடுகிறவர்கள் தங்கள் பகுதி மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம். 1881-இல் நெருப்பும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு ஓலைக் குடிசைகளை அழித்தபின், ஊரைச் செங்கல்லால் கட்டத் தேவையான களிமண் இங்கே வெட்டப்பட்டது. செங்கல்லுக்கு உகந்த மண் மல்லிகை வேருக்கு உகந்ததல்ல. கிள்ளானில் கடலோர வண்டல் களி. கடலேற்றம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் கால்வாய்த் தண்ணீரே வடிய இடமின்றி நிற்கும். இந்த இரண்டு இடங்களிலும் குழிதோண்டி நடக் கூடாது. ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். பூச்சோங், சுங்கை பெசி பக்கம் பழைய ஈயச்சுரங்க நிலங்களில் கதை தலைகீழ். வெறும் மணல், ஊற்றியது நிற்காது. அங்கே மட்கிய எருவும் மூடாக்கும் போட்டு ஈரத்தைப் பிடித்துவைக்க வேண்டும்.

இலை சொல்வது

வாடிய செடியைப் பார்த்ததும் குவளையைத் தேடுவது இயல்பு. கொஞ்சம் பொறுத்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். மண்துளைகளில் தண்ணீர் நிறைந்தால் காற்றுக்கு இடமில்லை. இந்த ஊர் வெப்பத்தில் வேரும் நுண்ணுயிர்களும் இருக்கிற ஆக்சிஜனைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். அதற்கு மேலும் ஊற்றினால் கதை முடிந்தது. தொட்டியைக் கூரைக்குள் இழுத்து, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்த்து, மேல்மண் காயும்வரை விட்டுவிட வேண்டும்.

அடி இலை மஞ்சளித்து உதிர்வது அதிக ஈரத்தின் வழக்கமான அடையாளம். இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. நீர் தேங்கிய மண்ணில் இதுவும் வரும். லிட்டருக்கு ஐந்து கிராம் பெரஸ் சல்பேட் கரைத்துத் தெளிப்பது தமிழ்நாட்டு விவசாயிகளின் வழக்கம், இங்கேயும் அது பலிக்கும். ஆனால் வடிகாலைச் சரிசெய்யாமல் தெளிப்பதில் பயனில்லை. கூரைக்குள் வைத்த செடிக்கு வேறு தொல்லை. மழை கழுவாத இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் பெருகும், உரத்தின் உப்பு மண்மேல் வெள்ளையாகப் படியும். வாரம் ஒரு காலை இலையடியில் பைப்பால் பீய்ச்ச வேண்டும். மாதம் ஒரு முறை தொட்டி நிறைய ஊற்றி உப்பை வடியவிட வேண்டும். வெளியே மழையில் நின்ற தொட்டிக்கு எதிர்மாறாக, சத்து முழுவதும் கரைந்து ஓடியிருக்கும். கார்த்திகை முடிந்ததும் கொஞ்சம் உரம் கொடுக்கலாம்.

மற்ற பூச்செடிகளுக்கு இந்த அளவு கவனம் தேவையில்லை. 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி ஈரத்தைத் தாங்கும். காய்ச்சலும் வெள்ளமும் மாறி மாறி வந்தால் மட்டும் மொட்டை உதிர்க்கும். காகிதப்பூ நேர் எதிர். நகரின் நடைபாலங்களில் ஆழமில்லாத தொட்டிகளில் அது பூத்துத் தள்ளுவதற்குக் காரணமே வேருக்குக் கிடைக்கிற காய்ச்சல்தான். வீட்டில் அதற்கு அன்போடு தினமும் ஊற்றுகிறவர்கள்தான் பூக்கவில்லை என்று குறைப்படுகிறார்கள்.

குழாய் நின்ற நாட்களும் கொசுவும்

1998-இல் எல் நினோ வறட்சி, 2014-இல் நீர்ப்பங்கீடு, 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆற்று மாசால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டது. பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு வறண்ட குழாய் புதிதல்ல. அந்த நாட்களில் குடிக்க வைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. 1998 அனுபவத்துக்குப் பிறகு, 1999-இல் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டது. வீட்டளவில் பெரிய ஏற்பாடு வேண்டாம். 20 சதுர மீட்டர் போர்ச் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 200 லிட்டர், ஒரு தோம்பு (பீப்பாய்) நிறைந்துவிடும். நான்கைந்து மல்லிகைத் தொட்டிகளுக்கு இரண்டு மாதம் மழையே இல்லாவிட்டாலும் சமாளிக்க இரண்டு தோம்பு போதும், நாள் விட்டு நாள் கணக்காக ஊற்றினால்.

தோம்பின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டுதான் பெரிய எதிரி. அது தரை அழுக்காகாமல் காக்கும். வேரை ஊறவைக்கும், கொசுவையும் வளர்க்கும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ், சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரிகள் இந்தத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்து 500 ரிங்கிட் அபராதம் எழுதிக் கொடுத்த வீடுகள் உண்டு. தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல்மேல் தொட்டியை நிறுத்துவதே சரி. அடுக்குமாடி பால்கனியில் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டும் என்பதால் தட்டு வேண்டியிருந்தால், அதில் மணலை நிரப்பி, சேர்ந்த தண்ணீரை அன்றே கொட்டிவிட வேண்டும். உயரமான மாடிகளில் காற்று மண்ணைச் சீக்கிரம் உலர்த்திவிடும். அங்கே வெயில் நாளில் காலையில் ஒரு முறை, தேவைப்பட்டால் நான்கு மணிக்கு மேல் இன்னொரு முறை.

ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் தொட்டியை நிழலுக்கு மாற்றி, அரும்பையெல்லாம் பறித்துவிட்டு, நன்றாக நனைத்துவிட்டுப் போகலாம். பக்கத்தில் கொஞ்சம் உயரமாக மூடிபோட்ட வாளி ஒன்றை வைத்து, மூடியின் துளை வழியாகத் தடித்த பருத்திக் கயிற்றின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள்ளும் மறு நுனியைத் தொட்டி மண்ணுக்குள் நான்கு விரற்கடை ஆழத்திலும் விட்டால் ஈரம் கயிறு வழியாக மெல்ல இறங்கும். கயிற்றை முதலிலேயே நனைத்துவிட வேண்டும், காய்ந்த கயிறு தண்ணீரை இழுக்காது.